டார் ஃபைலுக்குள்ள எந்த முகவரி எழுதியிருக்கு?

திருவண்ணாமலையில இருந்து பேசறேன். நேத்துதான் பௌர்ணமி முடிஞ்சது, ஊர்ல கூட்டம் இன்னும் முழுசா கலையல. பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கங்க.

(எழுத்து வடிவத்தைப் படிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு: கமாண்ட் எல்லாம் நான் வாயால சொன்ன மாதிரியே தமிழ்ல இருக்கு. டெர்மினல்ல ஆங்கிலத்துல அடிச்சுக்கங்க. நடுவுல வர்ற கமா எல்லாம் நான் மூச்சு விட்ட இடம், அதை டைப் பண்ண வேண்டாம்.)

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் பார்க்கச் சின்னதா இருக்கும். லினக்ஸ்ல ஒரு ஃபோல்டரை டார் பண்றோம், இல்ல ஜிப் பண்றோம். ஃபைல் உள்ள போகும்போது அதோட பாத்தும், அதாவது அது இருந்த இடத்தோட முகவரியும், சேர்ந்து உள்ள போகுது. அந்த முகவரியில எவ்வளவு போகணும்ங்கிறதை நாமதான் முடிவு பண்றோம். பாதிப் பேர் முடிவு பண்றோம்னு தெரியாமலே முடிவு பண்ணிடறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால எங்க சித்தப்பாவோட மூணு வார வேலை காணாம போச்சு.

தேரடி வீதிப் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் உண்டு. அவரோட பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். ஆல்பம் பக்கங்களை ஜிம்ப்ல டிசைன் பண்றார், எல்லாமே ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் ஸ்டூடியோ ஸ்லாஷ் ஆல்பம்ங்கிற ஒரே ஃபோல்டர்ல. மாசம் ஒண்ணாந்தேதி வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினா பேக்கப் எடுக்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அதுல இருந்த முக்கியமான வரி இதுதான்: டார், மைனஸ் சி இசட் எஃப், பேக்கப் ஃபைலோட பேர், ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் ஸ்டூடியோ ஸ்லாஷ் ஆல்பம். (ஜேபெக் போட்டோவை ஜிஜிப் பண்றதுல சைஸ் ஒண்ணும் குறையாதுன்னு அப்ப எனக்கு உறைக்கல. அது வேற கூத்து.)

இந்த வரியை ஓட்டினா டார் ஒரு மெசேஜ் காட்டும். பேர்களோட ஆரம்பத்துல இருக்கிற ஸ்லாஷை எடுத்துடறேன்னு சொல்லும். அது எர்ரர் இல்ல, தகவல். ஆனா சித்தப்பா ஒவ்வொரு மாசமும் போன் பண்ணி, “டேய், என்னமோ சொல்லுதுடா, பேக்கப் ஆச்சா இல்லையா?”ன்னு கேப்பார். எனக்கு ஆபீஸ் மீட்டிங் நடுவுல எரிச்சல். தேடிப் பார்த்தேன், மைனஸ் கேபிட்டல் பி போட்டா அந்த மெசேஜ் வராதுன்னு தெரிஞ்சது. போட்டேன். திரும்ப எடுக்கிறதுக்கு எழுதின ஸ்கிரிப்ட்லயும் அதே ஆப்ஷனைக் காப்பி பண்ணிப் போட்டேன். மெசேஜ் நின்னுது. போனும் நின்னுது.

அப்புறம் ஒரு மாசம் 22ஆம் தேதி ஒரு குடும்பம் ஸ்டூடியோவுக்கு வந்தாங்க. வீட்டுல தாத்தா தவறிட்டார், பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ரேம் போடணும். அவரோட நல்ல படம்னு பார்த்தா பேத்தி கல்யாணத்துல சித்தப்பா எடுத்தது ஒண்ணுதான். டெலிவரி முடிஞ்சதால அந்த ஆல்பத்தை சித்தப்பா டிஸ்க்ல இருந்து எடுத்துட்டார். ஆனா ஒண்ணாந்தேதி பேக்கப்ல இருக்கு. நான் போய் உட்கார்ந்தேன். ஜாக்கிரதையா டெம்ப்னு ஒரு புது ஃபோல்டர் பண்ணி, அதுக்குள்ள போய் நின்னுக்கிட்டுத்தான் பேக்கப்பைப் பிரிச்சேன். ஓடி முடிஞ்சது. டெம்ப்ல பார்த்தா ஒண்ணுமே இல்ல, காலி.

எங்க போச்சுன்னு புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. எல்லாம் ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் ஸ்டூடியோ ஸ்லாஷ் ஆல்பத்துக்கே நேரா போயிருக்கு. தாத்தா படம் அங்க இருந்தது, சந்தோஷம். ஆனா அந்த மூணு வாரமா சித்தப்பா வேற ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் பக்கம் பக்கமா டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தார். பக்கம் 1, பக்கம் 2ன்னு அந்த ஃபைல்கள் ஒண்ணாந்தேதி பேக்கப்லயும் இருந்துச்சு, ஆரம்ப நிலையில, பாதி காலியா. அந்தப் பழசு எல்லாம் புதுசு மேல ஏறி உட்கார்ந்துடுச்சு. ஏற்கனவே இருக்கிற ஃபைலை மாத்தட்டுமான்னு டார் தானா கேக்காது. பழசை எடுத்துட்டு, தன்கிட்ட இருக்கிறதை வச்சுட்டுப் போயிடும்.

சித்தப்பா திட்டல. “ஏன்டா, எங்க வைக்கணும்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா அவன்?”னு மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோட்.

டாருக்கு வயசு அதிகம். 1979ல வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புல வந்தது, பேரே டேப் ஆர்கைவ்ங்கிறதோட சுருக்கம். மேக்னடிக் டேப்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஃபைலை எழுதறதுக்காகப் பண்ணினது. ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னாடி 512 பைட்ல ஒரு ஹெட்டர். பார்சல் மேல ஒட்டற சீட்டுன்னு வச்சுக்கங்க. அதுல பேர், சைஸ், தேதி, பர்மிஷன் எல்லாம் இருக்கும். ஃபோல்டர்னு ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ள ஃபைல் இருக்குன்னு நாம மனசுல வச்சிருக்கிற படம் டாருக்குள்ள கிடையாது. ஃபோல்டருக்கும் தனியா ஒரு சீட்டு, ஃபைலுக்கும் தனியா ஒரு சீட்டு. ஃபைலோட சீட்டுல “ஆல்பம் ஸ்லாஷ் பக்கம் 1”ன்னு ஸ்லாஷ் போட்டு நீளமா ஒரு பேர், அவ்வளவுதான். பிரிக்கும்போது அந்தப் பேரைப் படிச்சு அதுல சொன்ன இடத்துல வைக்குது.

அந்தச் சீட்டுல எழுதற பேர் எங்க இருந்து வருது? நீங்க கமாண்ட்ல எதை டைப் பண்றீங்களோ அதுதான். ஸ்லாஷ்ல ஆரம்பிச்சு முழுப் பாத்தையும் கொடுத்தா முழுப் பாத்தும் சீட்டுல ஏறும். ஜிஎன்யூ டார், அதாவது நம்ம லினக்ஸ்ல இருக்கிறது, பாதுகாப்புக்காக முதல் ஸ்லாஷை மட்டும் வெட்டிடும். அதைத்தான் அந்த மெசேஜ் சொன்னது. நம்ம ஊர்ல வழி சொல்ற மாதிரிதான். “ராஜகோபுரத்துல இருந்து நேரா போங்க”ன்னா, நீங்க எங்க நின்னாலும் கோபுரத்துக்கு வந்துதான் ஆரம்பிக்கணும். “இந்தக் கடையில இருந்து நாலாவது வீடு”ன்னா, எந்தக் கடை முன்னாடி நிக்கிறீங்களோ அதைப் பொறுத்து வீடு மாறும். முதல் ஸ்லாஷ்தான் ராஜகோபுரம். டார் அதை வெட்டினதுக்குக் காரணமே, பிரிக்கிறவர் நிக்கிற இடத்துல இருந்து ஃபைல் விழட்டும்னுதான். நான் மைனஸ் கேபிட்டல் பி போட்டு, வேண்டாம், கோபுரத்துல இருந்தே போன்னு சொல்லிட்டேன். பிரிக்கிறப்பவும் டார் அந்த ஸ்லாஷை வெட்டத்தான் பார்க்கும். அங்கயும் அதே பி போட்டு அதையும் தடுத்துட்டேன். எங்க வைக்கணும்னு அவன் ரெண்டு தடவை கேட்டான் சித்தப்பா, ரெண்டு தடவையும் நான்தான் வாயை அடைச்சேன்.

பி இல்லாட்டி எல்லாம் சரியாயிடுமான்னா, இல்ல. முதல் ஸ்லாஷ்தான் போகும், மிச்சம் அப்படியே இருக்கும். டெம்ப்ல பிரிச்சா டெம்ப்புக்குள்ள ஹோம், அதுக்குள்ள ஸ்டூடியோ, அதுக்குள்ள ஆல்பம்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா வரும். வேற கம்ப்யூட்டர்ல பிரிக்கிறவருக்கு அது எரிச்சல். உங்க யூசர் பேர், கிளையன்ட் பேர்ல நீங்க வச்ச ஃபோல்டர் எல்லாம் அவங்களுக்குத் தெரியும்ங்கிறது இன்னொரு சங்கடம். அதோட, யாராவது ரூட் ஃபோல்டர்ல நின்னுக்கிட்டுப் பிரிச்சா, எனக்கு நடந்ததேதான் அவங்களுக்கும் நடக்கும்.

சரி, பாத்தை எப்படிக் கட்டுப்படுத்தறது? நான் இப்ப தினமும் பயன்படுத்தறது மைனஸ் கேபிட்டல் சி. சின்ன சி ஆர்கைவ் உருவாக்கறதுக்கு, கேபிட்டல் சி “முதல்ல இந்த ஃபோல்டருக்குப் போய் நில்லு”ன்னு சொல்றதுக்கு. கமாண்ட் இப்படி வரும்: டார், மைனஸ் சி எஃப், பேக்கப் டாட் டார், மைனஸ் கேபிட்டல் சி, ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் ஸ்டூடியோ, ஸ்பேஸ், ஆல்பம். டார் ஸ்டூடியோ ஃபோல்டருக்குள்ள போய் நின்னுட்டு அங்க இருந்து ஆல்பத்தை எடுக்கும். சீட்டுல “ஆல்பம் ஸ்லாஷ் பக்கம் 1”ன்னு மட்டும்தான் இருக்கும். ஹோமும் இல்ல, ஸ்டூடியோவும் இல்ல.

இதுல வழுக்குற இடங்கள் சிலது இருக்கு. கேபிட்டல் சிக்கு வரிசை முக்கியம், அதுக்குப் பின்னாடி வர்ற பேர்களுக்கு மட்டும்தான் அது செல்லும். ஃபோல்டர் பேரை முன்னாடி எழுதிட்டுக் கடைசியில சி போட்டா வேலைக்கு ஆகாது. ஒரே கமாண்ட்ல ரெண்டு தடவை சி போடலாம். ஆனா ரெண்டாவதை ஸ்லாஷ் இல்லாம கொடுத்தா முதல்ல போய் நின்ன இடத்துல இருந்து கணக்குப் போடும். பேக்கப் டாட் டார்ங்கிற ஃபைல் மட்டும் நீங்க முதல்ல எங்க இருந்தீங்களோ அங்கதான் உருவாகும், சி அதைத் தொடாது.

அப்புறம் நட்சத்திரக் குறி. ஃபோல்டருக்குள்ள இருக்கிற எல்லாம் வேணும், ஃபோல்டர் பேர் வேண்டாம்னு நினைச்சு, கேபிட்டல் சி போட்டுட்டுக் கடைசியில ஸ்டார் போடுவாங்க. ஸ்டாரை விரிக்கிறது டார் இல்ல, ஷெல். டார் இடம் மாறுறதுக்கு முன்னாடியே, நீங்க நிக்கிற ஃபோல்டர்ல இருக்கிற பேர்களை ஷெல் எடுத்துக் கொடுத்துடும். ஒண்ணு, ஃபைல் இல்லைன்னு எர்ரர் வரும். இல்ல, அதே பேர்ல வேற எதுவோ உள்ள போயிடும். டாட்ல ஆரம்பிக்கிற மறைஞ்ச ஃபைலும் ஸ்டார்ல வராது. அந்த இடத்துல ஸ்டாருக்குப் பதிலா ஒரே ஒரு டாட் போடுங்க. ஆனா டாட் போட்டா “டாட் ஸ்லாஷ்”னு அந்த ஃபோல்டருக்கே ஒரு சீட்டு உள்ள போகும். பிரிக்கிற இடத்துல நீங்க நிக்கிற ஃபோல்டரோட பர்மிஷனையும் அது மாத்திடலாம்.

எனக்கு டாட் அவ்வளவா பிடிக்காது, இன்னொரு காரணமும் இருக்கு. மேல ஒரு ஃபோல்டர் இல்லாம ஃபைல் எல்லாம் தனித்தனியா கொட்டற ஆர்கைவுக்கு டார்பாம்னு பேர், குண்டுதான். டவுன்லோட்ஸ்ல பிரிச்சீங்கன்னா 300 ஃபைல் உங்க ஃபைலோட கலந்துடும். அப்புறம் பொறுக்கி எடுக்கணும். அதனாலதான் மென்பொருள் சோர்ஸ் கோட் டார் எல்லாம் உள்ள ஒரே ஃபோல்டர், அதுக்குப் பேரும் பதிப்பு எண்ணும்னு வரும். கிட் ஆர்கைவ்ல இதுக்குன்னே மைனஸ் மைனஸ் ப்ரிஃபிக்ஸ் இருக்கு. அங்க பேருக்குக் கடைசியில ஸ்லாஷ் போட மறந்தா ஃபோல்டர் ஆகாது, ஒவ்வொரு ஃபைல் பேருக்கும் முன்னாடி ஒட்டிக்கும்.

டிஸ்க்ல ஒரு பேர், ஆர்கைவுக்குள்ள வேற பேர் வேணும்னா மைனஸ் மைனஸ் ட்ரான்ஸ்ஃபார்ம். செட் தெரிஞ்சவங்களுக்கு அதே எஸ் எழுத்து, அதே பாணி. தேடற இடத்துல ஆரம்பத்தைக் குறிக்கிற கேரட், மாத்தற இடத்துல “ஏப்ரல் கல்யாணம் ஸ்லாஷ்”னு கொடுத்தா எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ள இருக்கிற மாதிரி சீட்டு எழுதிடும். டிஸ்க்ல எதுவும் மாறாது. சிம்லிங்க் இருந்தா மட்டும் உஷார். லிங்க் எங்க காட்டுதோ அந்தப் பேரையும் சேர்த்து மாத்திடும், பிரிச்சா லிங்க் உடைஞ்சிருக்கும். எக்ஸ்ப்ரஷன் கடைசியில கேபிட்டல் எஸ் போட்டா லிங்க்கை விட்டுடும். மேக்ல இருக்கிறது வேற டார், அதுல இந்த வேலைக்கு மைனஸ் சின்ன எஸ். பிரிக்கிறப்போ வெட்டணும்னா மைனஸ் மைனஸ் ஸ்ட்ரிப் ஹைஃபன் காம்போனென்ட்ஸ், ஈக்வல் டு, எத்தனை ஃபோல்டரோ அந்த எண். ஹோம், ஸ்டூடியோ ரெண்டும் வேண்டாம்னா 2.

போட்டோ வேலை பண்றவங்க இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. பாத்தே வேண்டாம், பேர் மட்டும் போதும்னு சில பேர் ஜிப்ல மைனஸ் ஜே போடுவாங்க. எல்லா ஃபோல்டர் பேரையும் குப்பையில போட்டுடும். ஆனா பல கேமராவுல எண் 9999க்கு அப்புறம் திரும்ப 0001ல ஆரம்பிக்கும். ரெண்டு கேமரா இருந்தா கேக்கவே வேண்டாம். ஒரே கல்யாணத்துல முகூர்த்தம் ஃபோல்டர்லயும் ரிசப்ஷன் ஃபோல்டர்லயும் அதே பேர்ல படம் இருக்கும். ஜிப் இந்த இடத்துல நல்ல பிள்ளை, ஒரே பேர் ரெண்டு தடவை வருதுன்னு எர்ரர் கொடுத்து நின்னுடும். டார்ல ட்ரான்ஸ்ஃபார்ம் வச்சு இதையே பண்ணா அது வாயைத் திறக்காது. ரெண்டு படத்தையும் ஒரே பேர்ல உள்ள வச்சுக்கும். பிரிக்கும்போது முதல்ல வந்ததை அழிச்சுட்டு ரெண்டாவது உட்காரும். எண்ணிப் பார்த்தாத்தான் தெரியும், அதுவும் யாராவது தாலி கட்டுற படம் எங்கன்னு கேக்கிறப்போ. ஜிப்ல கேபிட்டல் சி மாதிரி எதுவும் கிடையாது. அடைப்புக்குறிக்குள்ள சிடி பண்ணி, அங்க இருந்து ஜிப் மைனஸ் ஆர் ஓட்டறதுதான் வழி.

தமிழ்ல ஃபோல்டர் பேர் வைக்கிறவங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கு. நான் வைக்கிறேன், சித்தப்பாவும் வைக்கிறார். பழைய டார் ஹெட்டர்ல பேருக்கு ஒதுக்கின இடம் 100 பைட். ஆங்கிலத்துல 100 எழுத்து, தாராளம். யூடிஎஃப்-8ல தமிழோட ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், புள்ளிக்கும் கொம்புக்கும் துணைக்காலுக்கும் சேர்த்துத்தான். “திருவண்ணாமலை” நம்ம கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோட்ல 12 குறி, அதாவது 36 பைட். அதுக்குள்ள “கார்த்திகை தீபம்”, 46 பைட். அதுக்குள்ள “மகாதீபம்”, 24. நடுவுல ரெண்டு ஸ்லாஷ். மூணு ஃபோல்டர்லயே 108 ஆச்சு, இன்னும் ஃபைல் பேருக்கே வரல. 1988ல வந்த போசிக்ஸ் தரம் கூடுதலா 155 பைட் கொடுத்தது, 2001ல வந்த பேக்ஸ் வடிவம் நீளத் தடையையே எடுத்துடுச்சு. ஜிஎன்யூ டார் நீளப் பேருக்குன்னே தனிச் சீட்டு ஒண்ணு எழுதிக்கும். இன்னைக்கு இருக்கிற டார்ல பிரச்சினை வராது. ஆனா பழைய கருவிகள், யாரோ அவசரத்துக்கு எழுதின பிரிக்கிற கோட் எல்லாம் பேரை அரைகுறையா வெட்டிடும். கேபிட்டல் சி போட்டுப் பாத்தைக் குறைச்சா இங்கயும் கொஞ்சம் உதவும்.

முழுப் பாத்தும் உள்ள இருந்தே ஆகணும்ங்கிற இடமும் இருக்கு. டெபியன், உபுண்டுவுல தமிழ் எழுத்துரு வேணும்னு லோஹித் தமிழ் பேக்கேஜை இன்ஸ்டால் பண்றீங்க இல்லையா? அந்த டெப் ஃபைலுக்குள்ள டேட்டா டாட் டார்னு ஒண்ணு இருக்கும். அதுல சீட்டு எல்லாம் டாட் ஸ்லாஷ், யூஎஸ்ஆர், ஷேர், ஃபான்ட்ஸ், ட்ரூடைப்னு நீளமா இருக்கும். டிபிகேஜி அதை ரூட்ல நின்னு பிரிக்கும், ஃபான்ட் நேரா அதோட இடத்துல போய் உட்காரும். எனக்கு விபத்தா நடந்ததை டெபியன் தெரிஞ்சே தினமும் பண்ணுது. டிபிகேஜி ஹைஃபன் டெப், மைனஸ் சி, ஃபைல் பேர் போட்டுப் பாருங்க, லிஸ்ட் வரும்.

இதையே கெட்ட எண்ணத்தோட பண்றவங்களும் இருக்காங்க. சீட்டுல “டாட் டாட் ஸ்லாஷ்”னு எழுதி, பிரிக்கிற ஃபோல்டரைத் தாண்டி வெளிய ஃபைலை வைக்கப் பார்ப்பாங்க. 2018ல ஜிப் ஸ்லிப்னு இது பேசப்பட்டது, நிறைய லைப்ரரிகள் மாட்டின. பைதானோட டார்ஃபைல் மாட்யூல்ல இதே ஓட்டை 2007லயே பதிவாகி, 2022ல திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது. 3.12 பதிப்புல ஃபில்டர்னு ஒரு வசதி கொடுத்தாங்க, 3.14ல இருந்துதான் பாதுகாப்பான ஃபில்டர் தானாவே இயங்குது. பழைய பைதான்ல எக்ஸ்ட்ராக்ட் ஆல் போடறவங்க ஃபில்டர் ஈக்வல் டு டேட்டான்னு சேர்த்துக்கங்க.

சித்தப்பா ஆல்பத்துக்கு வர்றேன். திரும்பக் கிடைக்கல. கேமரா படங்கள் மாறாததால அதெல்லாம் பத்திரம், டிசைன் மட்டும் போச்சு. பதினோரு ராத்திரி கடையை மூடினதுக்கு அப்புறம் உட்கார்ந்து அவர் திரும்பப் பண்ணார். நான் பக்கத்துல உட்கார்ந்து படம் எடுத்துக் கொடுக்கிறது, டீ வாங்கிட்டு வர்றது. கல்யாண வீட்டுக்கு ரெண்டு வாரம் லேட்டு. அவங்க கேட்டதுக்கு “கம்ப்யூட்டர் ரிப்பேர்”னு சொன்னார், என் பேரைச் சொல்லல.

அந்த ஸ்கிரிப்ட்ல இப்ப பி இல்ல. கேபிட்டல் சி இருக்கு, ஆர்கைவுக்குள்ள மேல தேதி போட்ட ஒரே ஃபோல்டர். பிரிக்கிற ஸ்கிரிப்ட் முதல்ல டார், மைனஸ் டி எஃப் போட்டு முதல் பத்துப் பேரைக் காட்டும். சித்தப்பா பார்த்துட்டு ஒய் அடிச்சாத்தான் மேல போகும். போறப்பவும் மைனஸ் கே உண்டு, அதே பேர்ல ஃபைல் இருந்தா அதைத் தொடாம எர்ரர் காட்டும். போன மாசம் அப்படி ஒரு எர்ரர் வந்துச்சுன்னு போன் பண்ணார். மீட்டிங்ல இருந்து எழுந்து வெளிய வந்து பேசினேன்.

அடுத்த எபிசோட்ல ஆர்சிங்க். ஃபோல்டர் பேருக்குக் கடைசியில ஸ்லாஷ் வச்சா ஒரு மாதிரி, வைக்காட்டி வேற மாதிரி காப்பி ஆகும், அதைப் பேசலாம். வரட்டுமா.